வழக்கு வாபஸ் என்று செய்தி வந்த பிறகு: நீதிமன்றத்தில் பெயர் நீங்கும் வரை செய்ய வேண்டியவை

2020 டிசம்பரில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடந்த சாலை மறியலுக்காக 23 பேர் மீது வழக்குப் பதிவானது. தலைமை தாங்கிய முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் அப்படித்தான் சொல்வார்கள்). விவசாயிகள் சங்கக் கிளைச் செயலாளர் என்ற முறையில் நான் ஆறாம் எதிரி. 2021 செப்டம்பரில், இதுபோன்ற போராட்டங்களில் பதிவான 5,570 வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்ததை டீக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அத்தோடு வழக்கு முடிந்தது என்று எண்ணி வாய்தாவுக்குப் போவதை நிறுத்திவிட்டோம். 2022 மாசியில் தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காவலர் செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் நடந்து வந்து, என் பெயரில் பிடி ஆணை இருப்பதாகச் சொன்னார். வழக்கு உண்மையில் முடிந்தது 2023 ஐப்பசியில்.

நான் வழக்கறிஞன் அல்ல. இரண்டு ஆண்டுகள் நீதிமன்ற வராந்தாவில் நின்று கற்றதை, திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். அரசாணை வழக்கை முடிப்பதில்லை. வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற அரசின் விருப்பத்தை அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். மனு போட வேண்டியவர் அந்த வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர். அதற்கு இசைவு கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ளது நீதிமன்றத்துக்கு மட்டும்தான்.

1. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

உங்களிடம் இருக்க வேண்டியவை மூன்று எண்கள்: காவல் நிலையக் குற்ற எண், நீதிமன்றம் கொடுத்த வழக்கு எண் (சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று குறித்திருக்கும்), 16 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சி.என்.ஆர். எண். கடைசி எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியையும் வழக்கின் நிலையையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். குற்ற எண் மட்டும் இருந்து நீதிமன்ற எண் எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை என்று பொருள். அந்த நிலையில் கீழே சொல்லப்போகும் வாபஸ் மனுவுக்கு வேலையில்லை. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாகக் காவல் துறை இறுதி அறிக்கை கொடுத்து, அதை நீதித்துறை நடுவர் ஏற்றுக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஏற்பு உத்தரவு வந்ததா என்று நீங்கள்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால், அதன் நகலையும் சாட்சி வாக்குமூல நகல்களையும் எதிரிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 23 பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டு வாங்கி, அதையும் சங்க அலுவலகத்தில் தொலைத்தவர்கள் நாங்கள். ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

2. சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாகத் தனித்தாளில் எழுதுங்கள்

இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் அதிகம் அலைகிறார்கள். டெல்டாவில் 1.7.2024க்கு முன் நடந்த மறியல் வழக்கு என்றால் பெரும்பாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்) ஆகிய பிரிவுகள் இருக்கும். கொரோனா காலத்து வழக்குகளில் 269ஆவது பிரிவும் (கவனக்குறைவாக நோய் பரவச் செய்தல்) சேர்ந்திருக்கும். இவை எல்லாமே சிறு தண்டனைக்குரியவை. பேருந்துக் கண்ணாடி உடைந்திருந்தால் தமிழ்நாடு பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் வந்துவிடும். அதன் 3ஆவது பிரிவுக்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படிப்பட்ட வழக்கில் நீதிமன்றத்தின் பார்வை வேறு மாதிரி இருக்கும்.

ரயில் மறியல் வழக்குகளில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. தண்டவாளத்தில் உட்கார்ந்ததற்காக 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147 அல்லது 174ஆவது பிரிவில் வழக்கு இருந்தால், அது மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்ட சட்டம். எனவே மாநில அரசு நியமித்த அரசு வழக்கறிஞர் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வாபஸ் மனு போட முடியாது. அந்த அனுமதியைக் காட்டச் சொல்லாமல் நீதிமன்றமும் இசைவு கொடுக்க முடியாது. சி.பி.ஐ. விசாரித்த வழக்குகளுக்கும், மத்திய அரசின் சொத்துக்குச் சேதம் விளைவித்த வழக்குகளுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. காலையில் சாலையிலும் மதியம் ரயில் நிலையத்திலும் மறியல் செய்தவர்கள் மீது இரண்டு வழக்குகள் இருக்கும். மாநில அரசாணையில் சாலை வழக்கு மட்டும்தான் வரும். எங்கள் பக்கத்து ஊர்த் தோழர் ஒருவர் இரண்டும் தீர்ந்ததாக நம்பிக்கொண்டிருந்து, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான் ரயில் வழக்கு உயிரோடு இருப்பதை அறிந்தார்.

188ஆவது பிரிவு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குற்றத்துக்கு, உத்தரவு பிறப்பித்த அரசு ஊழியர் எழுத்து மூலம் நீதிமன்றத்தில் முறையீடு கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியும். கரூர் மாவட்டக் காவல் நிலைய வழக்கு ஒன்றில், 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தெளிவாகச் சொல்லி, அத்தகைய வழக்குகளை ரத்து செய்தது. உங்கள் வழக்கில் 143, 188 மட்டும்தான் என்றால், அரசாணைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுவது விரைவாக முடியலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியையும் பாருங்கள்: ஓராண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களுக்கு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்க வேண்டும். ஆனால் 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தை உச்ச நீதிமன்றம் காலக்கெடுக் கணக்கிலிருந்து நீக்கியிருப்பதால், கொரோனா காலத்து வழக்கில் இந்த வாதம் எடுபடுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. எதிரிகள் பட்டியலில் எம்.எல்.ஏ. அல்லது எம்.பி. இருக்கிறாரா?

எங்கள் வழக்கு ஓராண்டுக்கு மேல் நின்றது இந்த இடத்தில்தான். அஸ்வினி குமார் உபாத்யாய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.8.2021 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, பதவியில் இருக்கும் அல்லது முன்னாள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் மீதான எந்தக் குற்ற வழக்கையும் அந்தந்த உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது. ஆட்சிக்கு வரும் கட்சி தன் ஆட்கள் மீதான வழக்குகளைக் கூட்டமாக வாபஸ் வாங்குவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. தேவையான உத்தரவுதான் என்பது என் கருத்து. ஆனால் தலைவரோடு சேர்ந்து உட்கார்ந்த 22 விவசாயிகளும் அதே கதவில் முட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இது எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டுமே பொருந்தும். ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், கட்சியின் மாவட்டச் செயலாளர் ஆகியோருக்கு உயர் நீதிமன்ற அனுமதி தேவையில்லை.

எங்கள் குற்றப்பத்திரிகையில் முதல் எதிரியின் பெயருக்கு எதிரே ‘தொழில்: விவசாயம்’ என்று எழுதியிருந்தது. அது பொய்யும் இல்லை. அவருக்கு நிலம் இருக்கிறது. ஆனால் அவர் முன்னாள் உறுப்பினர் என்ற விவரம் எந்தத் தாளிலும் இல்லாததால், எம்.பி., எம்.எல்.ஏ. வழக்குகளுக்கென ஒதுக்கப்பட்ட நீதிமன்றத்துக்கு வழக்கு மாறவில்லை. 23 பேருக்கும் சேர்த்து ஒரே வாபஸ் மனுவும் தாக்கலாகிவிட்டது. விசாரணை நாளில் நடுவர் பெயரைப் படித்துவிட்டு, “இவர் எம்.எல்.ஏ.வாக இருந்தவர்தானே, உயர் நீதிமன்ற அனுமதி எங்கே?” என்று கேட்டபோது அரசு வழக்கறிஞர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், நாங்கள் முதல் எதிரியைப் பார்த்தோம். மனு அன்றே திருப்பப்பட்டது. உங்கள் பட்டியலில் அப்படி ஒருவர் இருந்தால் மறைக்காதீர்கள். முதல் நாளே அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இதற்கு வழி இரண்டு. அரசுத் தரப்பு உயர் நீதிமன்றத்தில் அனுமதி பெறும் வரை எல்லோரும் காத்திருப்பது ஒன்று. ‘எந்த ஒரு நபர் மீதான’ வழக்கையும் திரும்பப் பெறலாம் என்றே சட்டப் பிரிவு சொல்வதால், அந்த ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் மனு போடுமாறு கேட்பது மற்றொன்று. நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். முதல் எதிரி மீதான வழக்கு தனியாகப் பிரிக்கப்பட்டது. மனவருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. அவருடைய வீட்டுக்குப் போய், நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் செய்தோம்.

முதல் வழியில் போகிறவர்கள் எந்த உயர் நீதிமன்றம் என்பதைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்கள் மதுரைக் கிளையின் எல்லையில் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர், அரியலூர் மாவட்டங்கள் சென்னை முதன்மை அமர்வின் எல்லையில் வருகின்றன. கும்பகோணத்துக்காரர் மதுரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மயிலாடுதுறைக்காரர் சென்னைக்குப் போக வேண்டும். திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த நாங்கள், தஞ்சாவூர் நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு மதுரையில் ஒரு வழக்கறிஞரிடம் கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்ப வாங்கி வந்தோம்.

4. அரசுக்கு மனு கொடுப்பதும் அரசாணை நகல் பெறுவதும்

எதிரியாக இருப்பவர் வாபஸ் மனுவை நேரடியாக நீதிமன்றத்தில் போட முடியாது. அந்த உரிமை அரசு வழக்கறிஞருக்கு மட்டும்தான். நீங்கள் செய்யக்கூடியது, உள்துறைச் செயலாளருக்கு மனு எழுதி, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் கொடுப்பது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ஒப்புகை கிடைக்கும். மனுவில் உணர்ச்சி வேண்டாம். குற்ற எண், நீதிமன்ற எண், பிரிவுகள், போராட்டம் எதற்காக நடந்தது, யாருக்கும் காயமோ சொத்துக்குச் சேதமோ இல்லை என்பது, எதிரிகள் பெயர்ப் பட்டியல் ஆகியவை இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் போதும். சேதம் இருந்திருந்தால் அதையும் எழுதி, ஈடு செய்யப்பட்டிருந்தால் ரசீதை இணையுங்கள்.

அரசாணை வந்துவிட்டதாகச் செய்தி வந்தால், உங்கள் குற்ற எண் அதன் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். பட்டியலில் காவல் நிலையப் பெயரும் குற்ற எண்ணும் ஆண்டும் மட்டுமே இருக்கும். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு ஊர் வழக்கு. நகல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பியுங்கள்: கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம், பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

5. உத்தரவு வரும் வரை வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருங்கள்

நான் செய்த தவறு இதுதான் என்பதால் இதைத் தனித் தலைப்பாகவே வைக்கிறேன். வர முடியாத நாளில் உங்கள் வழக்கறிஞர் ஆஜராகாமைக்கான மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் அது 317ஆவது பிரிவு; வராந்தாவில் எல்லோரும் ‘முந்நூற்றுப் பதினேழு போட்டாச்சா’ என்றுதான் கேட்பார்கள். நடவு, அறுவடை நாட்களில் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் தொடர்ந்து நான்கைந்து முறை போட்டால் நடுவர் பொறுக்க மாட்டார். மனுவும் இல்லை, ஆளும் இல்லை என்றால் பிடி ஆணை பிறக்கும். அதைத் திரும்பப் பெற நேரில் ஆஜராகி மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், நடுவில் நின்றுபோன அறுவடை இயந்திரத்தின் வாடகை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து எனக்கு ஏழாயிரத்து சொச்சம் ஆனது.

வாபஸ் மனு விசாரணைக்கு வரும் முன் நிலுவையில் உள்ள எல்லாப் பிடி ஆணைகளையும் தீர்த்துவிடுங்கள். எங்கள் 17ஆம் எதிரி குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய பிடி ஆணை நிலுவையில் இருந்ததால், அவர் விடுப்பில் வரும் வரை மனுவை எடுக்க நடுவர் ஒப்பவில்லை. இறந்துபோனவர் இருந்தால் இறப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்து, அவர் மீதான வழக்கு அற்றுப்போனதாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு வகை அவசரமும் ஆபத்தானது. “ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் இன்றே முடிந்துவிடும்” என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்போடு முடியும். வாபஸ் மனு தீர்ப்புக்கு முன்பு வரைதான் போட முடியும். அபராதம் கட்டிய பிறகு உங்கள் பெயரை எந்த அரசாணையாலும் திரும்ப எடுக்க முடியாது. எங்கள் 23 பேரில் இரண்டு பேர் அப்படிக் கட்டப் புறப்பட்டதை நல்லவேளையாக வழக்கறிஞரின் குமாஸ்தா தடுத்துவிட்டார்.

6. அரசு வழக்கறிஞரின் மனுவில் என்ன இருக்க வேண்டும்

பழைய வழக்குகளுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆவது பிரிவு பொருந்தும். 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே ஏற்பாடு 360ஆவது பிரிவாக இருக்கிறது. அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடரும் என்று 531ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர், தம் சொந்த மனத்தைச் செலுத்தி, நல்லெண்ணத்தோடு முடிவெடுத்திருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பல மனுக்கள் திரும்பிவிடுகின்றன. எங்கள் முதல் மனு ஒன்றரைப் பக்கம். ‘அரசாணைப்படி இவ்வழக்கைத் திரும்பப் பெற அனுமதிக்க வேண்டுகிறேன்’ என்பதைத் தவிர அதில் வேறு காரணம் இல்லை. முன்னாள் உறுப்பினர் விஷயத்தைக் கேட்ட கையோடு நடுவர் இன்னொரு கேள்வியும் கேட்டார்: “அரசு சொல்வது தெரிகிறது. இந்தக் கட்டைப் படித்துவிட்டு நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது இதில் எங்கே இருக்கிறது?” திரும்பி வந்த மனுவின் ஓரத்தில் பென்சிலில் இரண்டு வரி: காரணம் இல்லை, உயர் நீதிமன்ற அனுமதி இல்லை.

இரண்டாவது மனுவில் புதிதாக வந்த அரசு வழக்கறிஞர் ஐந்து காரணங்களை எழுதினார். போராட்டம் அமைதியாக நடந்தது, முழு நேரமும் 40 நிமிடம்தான். ஆம்புலன்சுக்கு வழி விடப்பட்டதாக அரசுத் தரப்புச் சாட்சியே சொல்லியிருக்கிறார். சாட்சிகள் எல்லோரும் காவலர்களும் கிராம நிர்வாக அலுவலரும்தான், பொதுமக்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை. 188ஆவது பிரிவுக்கு உரிய எழுத்து முறையீடு இல்லை. எந்தச் சட்டங்களை எதிர்த்துப் போராடினார்களோ அவற்றை நாடாளுமன்றமே 2021இல் நீக்கிவிட்டது. கடைசிக் காரணத்தில் இருந்த ஆண்டை அவரே இரண்டு முறை சரிபார்த்து எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு நல்ல மனு இப்படித்தான் இருக்க வேண்டும்.

இதில் உங்கள் பங்கு என்ன? அரசு வழக்கறிஞரை நெருக்குவது உங்கள் பங்கு அல்ல. கட்சிக்காரரை விட்டுப் பேசச் சொல்வது அதைவிட மோசம், ஏனென்றால் வெளி அழுத்தத்தில் போட்ட மனு என்று தெரிந்தாலே இசைவு மறுக்கப்படலாம். உங்கள் வழக்கறிஞர் மூலம் ஆவணங்களை வரிசையாக எடுத்துக் கொடுங்கள்: அரசாணை நகல், குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலத்தில் உங்களுக்குச் சாதகமான வரிகளுக்குக் கீழே கோடிட்ட நகல், சேதம் இருந்தால் ஈடு செய்த ரசீது. அரசு வழக்கறிஞர்கள் ஒரே நாளில் பல கட்டுகளைப் புரட்டுகிறவர்கள். ஒழுங்காக அடுக்கிய கட்டு சீக்கிரம் படிக்கப்படும். நடுவே அவர் மாறுதலாகிப் போனால், புதியவர் கட்டைப் படித்துத் தம் கையெழுத்தில் மனு போட வேண்டும். பழையவர் கையெழுத்திட்ட மனுவை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

7. நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

இசைவு கொடுப்பது முத்திரை குத்தும் வேலை அல்ல. முழு விசாரணை நடத்துவதைப் போலச் சாட்சியங்களை எடைபோட வேண்டியதில்லை. ஆனால் மனு நல்லெண்ணத்தில் வந்ததா, பொதுநலனுக்கும் நீதிக்கும் உகந்ததா, அரசியல் லாபத்துக்காகச் சட்டத்தின் போக்கைத் திருப்பும் முயற்சியா என்று பார்த்தாக வேண்டும். 2015 மார்ச் 13 அன்று கேரளச் சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை வாசிக்கும்போது நடந்த ரகளையில் 2,20,093 ரூபாய் சேதம் விளைவித்ததாகத் தொடரப்பட்ட வழக்கைத் திரும்பப் பெற மாநில அரசு முயன்றபோது, எதிரிகளில் ஒருவர் அப்போது அமைச்சராக இருந்தும், உச்ச நீதிமன்றம் 28.7.2021 அன்று அதை மறுத்துவிட்டது. மக்கள் பிரதிநிதி என்பதற்காகப் பொதுச் சொத்தை உடைக்கும் சலுகை கிடையாது என்பதுதான் அதன் சாரம். உங்கள் வழக்கில் சேதப் பிரிவு இருந்தால் இந்தத் தீர்ப்பை நடுவர் நிச்சயம் நினைவில் வைத்திருப்பார்.

அரசு எவ்வளவு நெருக்கடியில் இருந்தாலும் நீதிமன்றம் தன் பார்வையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் காவிரிக் கரைக் கதையே ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி வைத்திருந்தபோது, அவன் கூட்டாளிகள் மீதான தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறக் கர்நாடக அரசு மனு போட்டு, கீழ் நீதிமன்றம் இசைவும் கொடுத்தது. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட காவல் உதவி ஆய்வாளர் ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். அரசு வழக்கறிஞர் தாமாக ஆராயவில்லை என்று சொல்லி அந்த இசைவு ரத்தானது. மூன்றாம் நபர் ஒருவர் எதிர்த்தாலும் விஷயம் மேலே போகும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

புதிய சட்டத்தின் 360ஆவது பிரிவில் கூடுதலாக ஒரு நிபந்தனை இருக்கிறது: பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்க வாய்ப்புக் கொடுக்காமல் நீதிமன்றம் இசைவு தரக் கூடாது. கைகலப்பில் அடிபட்ட ஓட்டுநரோ கடைக்காரரோ இருந்தால், அவருக்கு அறிவிப்பு போய்ச் சேர எடுக்கும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். அவரிடம் முன்கூட்டியே போய்ப் பேசி மிரட்டியதாகப் பெயர் வாங்காதீர்கள்.

இசைவு மறுக்கப்பட்டால் அரசுத் தரப்பு சீராய்வு மனு போடலாம்; அதற்கு 90 நாள் கெடு. அரசுத் தரப்பு சும்மா இருந்துவிட்டால், நீங்கள் செய்யக்கூடியது உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு, அல்லது வழக்கை நடத்தி வெல்வது.

8. செலவும் காலமும்

வாபஸ் மனுவுக்கு எதிரி கட்ட வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை; ‘மனு போட’ என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். செலவு முழுவதும் வழக்கறிஞர் கட்டணம், வாய்தாப் பயணம், நகல் கட்டணம் ஆகியவற்றில்தான். எங்களில் நான்கு பெண்களுக்கு வட்டச் சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைத்தார். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. இதை முதலிலேயே அறிந்திருந்தால் சங்க நிதியில் பாதி மிஞ்சியிருக்கும்.

அறிவிப்பு வந்து முதல் மனு தாக்கலாக எட்டு மாதம், அது திரும்பி இரண்டாவது மனு தாக்கலாக ஓராண்டுக்கு மேல், அதன் பிறகு மூன்றே வாய்தாவில் உத்தரவு. எல்லாத் தாளும் சரியாக இருந்தால் கடைசிக் கட்டம் வேகமானதுதான்.

9. உத்தரவு நகலைப் படித்துப் பாருங்கள்

நடுவர் இசைவு கொடுத்துவிட்டதாகச் சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள். சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் பெயரும் தந்தை பெயரும் வரிசை எண்ணும் சரியா? எல்லாப் பிரிவுகளும் இடம்பெற்றுள்ளனவா? முடிவு ‘விடுவிப்பு’ என்று இருக்கிறதா, ‘விடுதலை’ என்று இருக்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். குற்றச்சாட்டு வனையப்படும் முன், அதாவது இன்ன குற்றத்துக்காக விசாரணை என்று நீதிமன்றம் முறைப்படி எழுதும் முன், வாபஸ் ஆனால் அது விடுவிப்பு. வனையப்பட்ட பின்போ, குற்றச்சாட்டு வனைய வேண்டிய தேவையே இல்லாத வழக்கிலோ வாபஸ் ஆனால் அது விடுதலை. 2 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்கள் அழைப்பாணை வழக்குகள் என்பதால், அவற்றில் குற்றச்சாட்டு வனையும் கட்டம் கிடையாது. 143, 188, 341 மட்டும் உள்ள வழக்கில் விடுதலை என்றே உத்தரவு இருக்க வேண்டும். விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கள் உத்தரவில் தட்டச்சில் ‘விடுவிப்பு’ என்று வந்திருந்ததை வழக்கறிஞர் கண்டுபிடித்து, ஒரு வாரத்தில் திருத்தி வாங்கினார்.

காவல் துறை வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் வழக்கு முடிந்துவிட்டது என்பதற்காக விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது. கேட்ட இடத்தில் எழுதி, உத்தரவு நகலை இணைக்க வேண்டும். மறைத்ததுதான் பின்னால் பெரிய குற்றமாகும்.

கடைசியாக, சான்றிட்ட நகலின் ஒரு ஒளிப்பட நகலை வழக்குப் பதிவான காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்றைப் பதிவு அஞ்சலில் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு காவல் நிலையப் பதிவேட்டில் ‘நிலுவை’ என்று நிற்பது சாதாரணமாக நடக்கிறது. எங்கள் 11ஆம் எதிரியின் மகள் கடவுச்சீட்டு விசாரணைக்காகத் தந்தையோடு நிலையத்துக்குப் போனபோது, எழுத்தர் பேரேட்டைப் புரட்டி வழக்கு இன்னும் இருப்பதாகச் சொன்னார். தந்தை தன் சட்டைப் பையிலிருந்து ஒப்புகைச் சீட்டை எடுத்து நீட்டியதும், எழுத்தர் சிவப்பு மையில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் தேதி போட்டார்.